ஜன்னலோரத்துக் கைக்குட்டை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, பேச்சு நீண்டால் தட்டுவதற்கென்றே மணியைக் கையருகே வைத்திருக்கும் ஐயா விஜயராகவன் அவர்களே, காலை ஆறு பத்து வண்டியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குத் தோளும் தூங்கத் தோதும் தந்த தோழர்களே, நாங்கள் அந்த வண்டியைப் பிடிப்பதற்காக நான்கு மணிக்கே எழுந்து சோறு கட்டிக் கொடுத்த தாய்மார்களே, பன்னிரண்டாம் வகுப்பில் வாகை சூடி வந்து அமர்ந்திருக்கும் வளரும் செல்வங்களே, திருத்தணி சீசன் டிக்கெட் பயணிகள் சங்கத்தின் இந்தப் பாராட்டு விழாவில் ஆபேல் ஆகிய நான் உங்கள் அனைவரையும் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

என்ன இவன், ஓரிடத்தில் நிற்காமல் மைக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறானே என்று பார்க்கிறீர்களா? "ஆபேலு, காலு ஏம்ப்பா தரையில நிக்கல?" என்று குமரேசன் அங்கிருந்து கேட்கிறார். சொல்கிறேன் குமரேசா, சொல்லத்தானே வந்திருக்கிறேன். என் மகள் ப்ளெஸ்ஸி எந்தக் கல்லூரி என்று இன்று ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். அவள் மூன்றாம் வரிசையில் அம்மா பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். உறுதி செய்யும் ஓடிபி எண் வரப்போவது என் சட்டைப் பையில் இருக்கும் இந்தப் போனுக்கு. இப்போது மணி நாலரை ஆகிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'படிக்கும்போதே பணி'. நான்கு மாதம் கல்லூரி, நான்கு மாதம் கம்பெனி என்று மாறி மாறிப் போகும் திட்டம் அது. பட்டம் வாங்கும் முன்பே பணி, பணியோடு சேர்ந்தே படிப்பு! அதைப் பாராட்ட நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தாளை எடுக்க இன்று எனக்கு மனம் வரவில்லை.

ஏன் வரவில்லை? நான் செய்த தவறு அப்படி. நம் கூட்டத்துக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதானே. இருக்கையில் கைக்குட்டை விழுந்தால் இடம் நம்முடையது, ஆள் பிறகு வரலாம். தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் ரயில் பெட்டி முழுக்க லட்டு கொடுத்தேன். என் பக்கத்து ஜன்னலோரத்தில் கைக்குட்டையைப் போட்டேன். "இது எம் பொண்ணுக்கு, கம்பெனிக்கு எங்கூடவே வரப்போறா" என்றேன். "ஆங், பாப்பா வரட்டும்" என்றீர்கள். மூன்று வாரம் அந்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. உங்களைக் கேட்டேன், சங்கத்தைக் கேட்டேன், டிக்கெட் செக்கர் வந்திருந்தால் அவரையும் கேட்டிருப்பேன். அவளைக் கேட்டேனா?

நேற்று மாலை அவளே வந்து நின்றாள்.

"நைனா, எனக்கு அந்த கம்பெனி காலேஜ் வேணாம். இன்னொரு காலேஜ்ல கணக்கு கிடைச்சிருக்குது. ஆஸ்டல்ல தங்கி மூணு வருஷம் முழுசா படிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் வேலை செஞ்சிகினே படிக்கல? டிப்ளமோ வாங்கல?"

"வாங்கினீங்க. அதுல படிச்சது ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்க நைனா."

பெரியோர்களே, நான் தேடிப் பார்த்தேன். பகலில் பட்டறை, மாலையில் வகுப்பு, நடுவில் ரயில். அரக்கோணத்தில் புத்தகத்தை விரித்தேன், மோசூரில் கொட்டாவி விட்டேன், மணவூரில் குறட்டை விட்டேன். தேர்வுக்கு முதல் நாள் மனப்பாடம், மறுநாள் மறதி. அந்தப் படிப்பில் எனக்கு மிஞ்சியது ஸ்டேஷன் பெயர்கள்தான். சிரியுங்கள், பரவாயில்லை. அவள் சிரிக்கவில்லை.

"ஒரு கணக்க ஒரு வாரம் மனசுல வெச்சிகினு யோசிக்கணும் நைனா. நடுவுல எழுந்து ஷிப்டுக்கு ஓட என்னால முடியாது" என்றாள்.

போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன். என் மனைவி ஜெயகுமாரிதான் கேட்டாள். "வண்டியில உங்களுக்குப் பேச்சுத்தொணை வேணும்னா போன்ல பேசிகினு போங்க. பொண்ண ஏன் இழுக்கறீங்க?"

அவள் சொன்னது உண்மை. வேலைக்காகவா கைக்குட்டை போட்டேன்? இல்லை. எதிர்காலத்துக்காகவா? இல்லை. தினமும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள் என்ற ஆசைக்காகப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தத் திட்டத்தை நான் பழிக்கவில்லை. குமரேசன் மகள் கனிமொழி ஆசைப்பட்டுக் கேட்டு அதில் சேர்கிறாள். அவள் போகட்டும், பொலியட்டும், பெரிய பதவியில் அமரட்டும். ஆனால் கேட்காத பிள்ளையை ஏற்றிவிடலாமா? பதினெட்டு வயதில் ஓட ஆரம்பித்தவன் நான். வண்டிக்கு ஓடினேன், வகுப்புக்கு ஓடினேன், வயிற்றுக்கு ஓடினேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை. ஆனாலும் இந்த மேடையில் என் கால் நிற்கவில்லையே. இந்த ஓட்டத்தையா என் மகளுக்குச் சீர்வரிசையாகக் கொடுப்பேன்? மூன்றே மூன்று ஆண்டு, ஒரு மேசை, ஒரு விளக்கு, முடிவு தெரியாத ஒரு கணக்கு. அவள் கேட்பது அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியாத நான் எதற்கு அப்பன்?

பை அதிர்கிறது. அங்கே அம்மா போனில் அழுத்திவிட்டாள், இங்கே எண் வந்துவிட்டது. தலைவர் ஐயா, மணியை ஒரு நிமிடம் தட்டாமல் இருங்கள், இந்த எண் பத்து நிமிடம்தான் செல்லும். ப்ளெஸ்ஸி, எழுந்து வாம்மா. ஏன் தயங்கறே? கூட்டம் வழி விடும், வா. இந்தா போன். எந்தக் காலேஜுன்னு நான் பாக்கல. நீயே போட்டுக்கோ.

கைதட்டிய கைகளுக்கும், பொறுத்த தலைவருக்கும், வழிவிட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தோழர்களே, நாளைக் காலை ஆறு பத்து வண்டியில் ஜன்னலோரத்தில் கைக்குட்டை இருக்காது. அது எனக்கு இப்போது கண் துடைக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காருங்கள். வணக்கம்.