சபாநாயகரின் தம்பி

— ...கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு. கழுத்தை ஏன் அப்படிக் கோணலா வச்சிருக்க?

— எல்லாம் உன் புண்ணியந்தான் அக்கா. ரெண்டு வருஷமா கேக்கறேன், அந்த ஏசிக்கு அடியிலேர்ந்து என்னை மாத்துன்னு. சபையில யார் எங்க உட்காரணும்னு சொல்றது நீதானே?

— சபாநாயகர் தம்பிக்கு மட்டும் தனி இடமான்னு சிரிப்பாங்க. ஆளுங்கட்சி வரிசையில வேற இடமும் இல்ல. துண்டைச் சுத்திக்கோ.

— நல்ல வைத்தியம்... அக்கா, இன்னிக்கு பட்ஜெட் ஓட்டெடுப்பு.

— அதுக்குத்தானே மணி அடிக்கப் போறேன்.

— ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குது. பட்ஜெட் தோத்தா எங்க ஆட்சியே போச்சு. முதல்வர் காலையிலேர்ந்து காபியைக்கூடத் தொடல.

— அவர் வயித்துப் புண்ணுக்கு நல்லதுதான்.

— விளையாடாத. சமமா வந்தா நீதானே ஓட்டுப் போடணும்?

— வந்தா மட்டும். இல்லேன்னா நான் கை தூக்கறதுக்கே வழியில்ல.

— எந்தப் பக்கம் போடுவ?

— அதைக் கேட்டுட்டு வரத்தான் உன்னை அனுப்பினாங்களா?

— அனுப்பினது அதுக்குத்தான்... நான் வந்தது வேற.

— ம்.

— இந்த பட்ஜெட்ல என் தொகுதி பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போடறாங்க.

— படிச்சேன். ஓட்டுக் கேக்கப் போனப்ப அதே வாசல்ல நின்னுதானே, "இதை மூட விடமாட்டேன்"னு தொண்டை கிழியக் கத்தின?

— அதான் தூக்கம் பிடிக்கல... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எங்க ஆள் ஒருத்தர் கட்சி சொன்னதை மீறி ஓட்டுப் போட்டா?

— உங்க கொறடா என்கிட்ட புகார் கொடுப்பார். விசாரிப்பேன். உறுப்பினர் பதவி போகும்.

— யாரா இருந்தாலும்?

— என் கூடப் பொறந்தவனா இருந்தாலும்.

— அந்த உத்தரவுல கையெழுத்துப் போட மனசு வருமா அக்கா?

— வராது. போடுவேன்.

— ...சரி, கிளம்பறேன். முதல்வர்கிட்ட என்ன சொல்ல?

— அக்கா பிடி கொடுக்கலன்னு சொல்லு. பொய் இல்லையே.

— நானும் உன்கிட்ட ஒண்ணும் சொல்லல... இல்ல?

— இல்லடா, நீ ஒண்ணும் சொல்லல. எதிர்க்கட்சித் தலைவர் நேத்து அவர் பக்கம் கூடுதலா ஒரு நாற்காலி கேட்டார். யாருக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. ஏசிக் காத்து எட்டாத மூலையில போடச் சொல்லியிருக்கேன். பதவி இருக்கிற வரைக்குமாவது கழுத்து வலிக்காம உட்காரு.