தோளில் தூக்குகிற சைக்கிள்

தயாபரன்: ஏறி உக்காரு ஜீவா. ரெண்டே நிமிஷம்.

ஜீவராணி: பெடலே இல்ல. கால எங்க வைக்கிறது?

தயாபரன்: புதுசுன்னா அப்பிடித்தான் வரும். பெட்டியில பெடல் போட்டு அனுப்ப மாட்டாங்க.

ஜீவராணி: செருப்ப வித்துட்டு, அதோட வாரு மட்டும் வேற கடையில வாங்கிக்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

தயாபரன்: ஓட்டுறவங்க அவங்கவங்க சப்பாத்துக்கு ஏத்தத பூட்டிக்குவாங்க. ஒனக்கு தட்டையா ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். இந்தா பூட்டிக்கிட்டிருக்கேன்ல... இடது பக்கத்துது மட்டும் எதிர்ப்பக்கமா முறுக்கணும்.

ஜீவராணி: வாரம் பூரா எல்ல டவுன் கடையில வெள்ளக்காரங்களுக்கு சைக்கிள் பூட்டிக் குடுக்கிறீங்க. ஞாயித்துக்கெழமயும் அதேதானா? இன்னைக்கி ஒரு நாளாவது படுத்திருக்க விடுங்க.

தயாபரன்: படுக்கலாம். மொதல்ல தூக்கிப் பாரு. ஒரு கையால.

ஜீவராணி: எனக்கு எதுக்கு... அட.

தயாபரன்: எப்பிடி?

ஜீவராணி: நம்ம தண்ணிக் குடத்த விட லேசா இருக்கே. பிளாஸ்டிக்கா?

தயாபரன்: கார்பன். நூல் மாதிரி பின்னி, பசை ஊத்திக் காய வச்சது. எட்டுக் கிலோதான் வரும். இரும்பு மாதிரி நிக்கும். ஆனா ஆணிய கண்டபடி முறுக்கினா நசுங்கிரும். அதுக்குத்தான் இந்தச் சாவி. அளவு வந்ததும் டக்குனு ஒரு சத்தம் போடும். அதோட விட்டுரணும்.

ஜீவராணி: மனுசனுக்கு அப்பிடி ஒரு சத்தம் வந்தா நல்லாருக்கும்.

தயாபரன்: ஒனக்கு தெனம் வருது. வாசல்ல பைய எறக்கி வைக்கிறப்ப.

ஜீவராணி: பைய நீங்க ஒரு நாள் சொமந்து பாருங்க. தராசு, பிரஷர் மெஷின், கிளினிக் புத்தகம்... இதுல கெரியர் எங்க? பைய எங்க கட்டுறது?

தயாபரன்: கெரியர் இல்ல. மாட்ட ஓட்டையே வைக்கல. நம்மளா ஓட்ட போட்டா பிரேம் வெடிச்சிரும்.

ஜீவராணி: கெரியர் இல்லாத சைக்கிள வச்சு மிட்வைஃப் என்ன பண்றது?

தயாபரன்: முதுகுப் பை வாங்கியிருக்கேன். தண்ணிப் போத்தல்கூட இதுல வைக்க வேணாம். இந்த முக்கோணம் இருக்கு பாரு, இது சும்மா இருக்கணும். இதுக்குள்ளதான் தோளு நொழையும்.

ஜீவராணி: தோளா?

தயாபரன்: இதுக்குப் பேரு சைக்கிளோகுரோஸ். வெளிநாட்டுல சேத்துல போட்டி வைப்பாங்க. ஓட்ட முடியாத எடம் வந்தா எறங்கி, சைக்கிள தோள்ல போட்டுக்கிட்டு ஓடுவாங்க. அந்தப் பக்கம் போய் மறுபடியும் ஏறிக்குவாங்க.

ஜீவராணி: எதுக்கு?

தயாபரன்: வெளையாட்டுக்கு.

ஜீவராணி: நல்ல வெளையாட்டு. நாங்க அத சம்பளத்துக்குப் பண்றோம்.

தயாபரன்: அதான் சொல்றேன். பாலத்துக்கு அங்கிட்டு, எட்டு மாசம் முந்தி பெருமழையில மண் சரிஞ்ச எடம் இன்னும் அப்பிடியேதான் கெடக்கு. பஸ் அந்தப் பக்கம் போகாது. ஆட்டோ போகாது. இத தூக்கிக்கிட்டு நீ அந்தப் பக்கம் போயிரலாம்.

ஜீவராணி: மழ தூறுது. உள்ள தள்ளிக்கிட்டு வாங்க.

தயாபரன்: இங்க செவத்தோரமா நிப்பாட்டுறேன். இப்ப ஏறு. நான் புடிச்சுக்கிறேன்.

ஜீவராணி: நாப்பத்தோரு வயசுல என்னய சைக்கிள்ல பாத்தா தோட்டத்து லய வீட்டு ஆளுங்க எல்லாம் வாசலுக்கு வந்து நிப்பாங்க.

தயாபரன்: வெலிமடையில ஒங்க மாமாவோட சைக்கிள்ல கரட் மூட்டைய வச்சு ஓட்டுனவதானே நீ.

ஜீவராணி: அது பதினஞ்சு வயசுல. யூனிபோர்ம் கவுன போட்டுக்கிட்டு இதுல எப்பிடி...

தயாபரன்: கால்சட்ட போட்டுக்கிட்டுப் போ. கவுன பையில வச்சுக்க. அங்க போயி மாத்திக்க. பின்னால சின்னதா ஒரு மட்காட் மாட்டுறேன், முதுகுல சேறு அடிக்காம.

ஜீவராணி: எல்லாத்தயும் யோசிச்சிட்டீங்க.

தயாபரன்: யோசிச்சேன்.

ஜீவராணி: நா கேட்டனா?

தயாபரன்: கேக்கல. ஏறு.

ஜீவராணி: புடிச்சுக்கங்க... விட்டுராதீங்க. ஐயோ, உசரமா இருக்குங்க.

தயாபரன்: செவத்துல ஒரு கைய வையி. இப்ப குதிகால பெடல்ல வச்சு, கீழ அழுத்து. முழங்கால் நேரா வரணும்... வரல. ஒரு விரல் அளவு எறக்கணும்.

ஜீவராணி: குனிஞ்சுதான் ஓட்டணுமா?

தயாபரன்: ஹேண்டில தூக்கி வைக்கிறேன். மேல புடிச்சா நிமிந்து போகலாம். எறக்கத்துல மட்டும் கீழ புடி. அப்பத்தான் பிரேக் கைக்கு வரும். இங்க பாரு, இது முக்கியம். இது வந்தப்ப முன் பிரேக் இடது கையில இருந்துச்சு. அவங்க ஊர்ல அப்பிடி. நம்ம ஆளுங்களுக்கு வலது கையிலதான் பழக்கம். மாத்திட்டேன்.

ஜீவராணி: மாத்தலன்னா?

தயாபரன்: எறக்கத்துல பின் பிரேக்குன்னு நெனச்சு முன் பிரேக்க அழுத்திருவ. குப்புற விழுவ.

ஜீவராணி: விழுந்தா என்னய யாரு தூக்கிக்கிட்டு வர்றது...

தயாபரன்: அப்பிடியெல்லாம் பேசாத. பின்னால பெரிய பல்லுச் சக்கரமா மாத்தியிருக்கேன். ஆஞ்சநேயர் கோயில் ஏத்தத்தக்கூட உக்காந்துக்கிட்டே மிதிச்சிரலாம். காத்து மட்டும் நெறைய அடிக்காத. கல்லுல துள்ளும்.

ஜீவராணி: ஏங்க.

தயாபரன்: ம்.

ஜீவராணி: மோட்டர் சைக்கிள் எங்க? ரெண்டு நாளா காணோம். மழைன்னு கடையில விட்டுட்டு வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.

தயாபரன்: முதலாளிகிட்ட குடுத்துட்டேன்.

ஜீவராணி: எதுக்கு?

தயாபரன்: இதுக்குத்தான். அவரு வெளிநாட்டுலேருந்து இதுல ரெண்டு எறக்கினாரு. ஒன்னு சின்ன சைஸ். ஒனக்குச் சரியா வரும்னு பட்டுச்சு.

ஜீவராணி: பெட்ரோல்ல ஓடுறத குடுத்துட்டு மிதிக்கிறத வாங்கிக்கிட்டு வந்தீங்களா?

தயாபரன்: மோட்டர் சைக்கிள தோள்ல போட முடியுமா?

ஜீவராணி: நீங்க எல்லவுக்கு எப்பிடிப் போவீங்க?

தயாபரன்: பஸ்ஸுல.

ஜீவராணி: தொங்கிக்கிட்டு. ஒங்க முதுகு வலியோட... எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாங்கன்னு எத்தன வருசம் கேட்டேன். அப்பல்லாம் காதுல விழல.

தயாபரன்: முப்பத்தெட்டு நிமிஷம்.

ஜீவராணி: என்னது?

தயாபரன்: நம்ம வாசல்லேருந்து தோட்டத்து மேல் டிவிஷன் அஞ்சாம் லயத்துக்கு. சரிஞ்ச எடத்துல தூக்கிக்கிட்டு நடக்கிற நேரத்தயும் சேத்து. நடந்தா ஒன்னே முக்கால் மணித்தியாலம்.

ஜீவராணி: ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

தயாபரன்: நேத்து போய்ப் பாத்தேன். கடையில இதே மாதிரி பழசு ஒன்னு இருக்கு. அத எடுத்துக்கிட்டு.

ஜீவராணி: நேத்து கடையில வேலன்னு சொன்னீங்க.

தயாபரன்: மத்தியானம் வரைக்கும் வேலதான்.

ஜீவராணி: அஞ்சாம் லயத்துல... யாரயாவது பாத்தீங்களா?

தயாபரன்: நிஷாந்த் வாசல்ல நின்னான். தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்னு உக்கார வச்சிட்டான்.

ஜீவராணி: நிரஞ்சலா?

தயாபரன்: அவதான் தேத்தண்ணி கொண்டாந்தா. மிஸ் சொகமான்னு கேட்டா.

ஜீவராணி: அவளுக்கு மறுபடியும் மூணு மாசம்.

தயாபரன்: நிஷாந்த் சொன்னான். நாளைக்கி மிஸ் கர்ப்பத்த பதிய வருவாங்கன்னு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருக்காங்க.

ஜீவராணி: ரெண்டு வாரமா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன். பாலம் வரைக்கும் போறேன். அதுக்கு அங்கிட்டு காலு நகர மாட்டேங்குது. சீட்ட எறக்குங்க. எறக்கிட்டு கைய கழுவுங்க. சோறு ஆறுது.

தயாபரன்: அவன் ஒன்னு கேட்டான் ஜீவா.

ஜீவராணி: அப்பறம் பேசலாம்.

தயாபரன்: மண் சரிஞ்ச அன்னைக்கி மிஸ் யாரு வீட்டுக்குப் போயிருந்தாங்கன்னு கேட்டான். சண்டைக்குக் கேக்கல. தேத்தண்ணிய ஆத்திக்கிட்டே சும்மா கேட்டான்.

ஜீவராணி: நா எங்கயும் போகல. இங்கதான் கெடந்தேன். ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துல, வீட்ட விட்டு வந்த அத்தன சனத்தோட நனைஞ்சிட்டு வந்து... போன்ல சார்ஜ் இல்ல. அதத்தான் ஒபிஸ்ல எழுதிக் குடுத்தேன்.

தயாபரன்: சார்ஜ் இருந்துச்சு.

ஜீவராணி: ஏங்க, வேணாம்.

தயாபரன்: எட்டு மாசம் சொல்லல. நாளைக்கி நீ அங்க போறப்ப அவன் ஒன்கிட்டயும் கேப்பான். அதுக்கு முந்தி என் வாயால நீ கேட்டுரு.

ஜீவராணி: நா சைக்கிள்லேருந்து எறங்கிக்கிறேன்.

தயாபரன்: இரு. மொகத்தப் பாத்தா என்னால சொல்ல முடியாது. இப்பிடியே இரு. நான் சீட்டு ஆணிய முறுக்கிக்கிட்டே சொல்றேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நீ வந்து விழுந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகல. தலமயிரு காயல. காலெல்லாம் அட்டக்கடி. ஒன் போன் அடிச்சுச்சு. நான் எடுத்துக்கிட்டு குசினிக்கு, அடுப்புப் பக்கம் போனேன். நிஷாந்த். அவளுக்கு எட்டாம் மாசத்துலயே வலி வந்துருச்சு, தண்ணி ஒடஞ்சிருச்சு, மிஸ்ஸ வரச் சொல்லுங்க அண்ணேன்னான். வெளிய பாத்தேன். பாலத்துக்கு மேல மண்ணு எறங்குற சத்தம் கேக்குது. நான் பயந்துட்டேன் ஜீவா. ஒன்ன எழுப்பினா நீ போயிருவ. போனா திரும்பி வர மாட்டன்னு நெனச்சேன். அவ இல்லன்னு சொல்லிட்டேன். வேற எடத்துக்குப் போயிருக்கான்னு. சொல்லிட்டு போன நிப்பாட்டி வச்சிட்டேன். நீ எந்திரிச்சப்ப சார்ஜ் இல்லன்னு சொன்னேன். அதுக்குள்ள அந்த சனம் அவள கம்பளியில கட்டி, சரிஞ்ச மண்ணு மேல தூக்கிக்கிட்டு... இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்ல ஏத்துறதுக்குள்ள புள்ள...

ஜீவராணி: பொம்பளப் புள்ள.

தயாபரன்: ஒரு மணித்தியாலம் முந்தி யாராவது கூட இருந்திருந்தா பொழச்சிருக்கும்னு டொக்டர் சொன்னதா நீதான் வந்து சொன்ன. இதே எடத்துல நின்னு சொன்ன. அன்னைக்கிம் நான் வாயத் தொறக்கல. நீ போன் போன்னு ஒன்னயே திட்டிக்கிட்டு அலைஞ்ச. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

ஜீவராணி: சாவி சத்தம் போட்டுருச்சு. இன்னும் முறுக்கிக்கிட்டே இருக்கீங்க.

தயாபரன்: ...ஆமா.

ஜீவராணி: கீழ வைங்க.

தயாபரன்: திட்டு. அடிக்கணும்னாலும் அடி. நாளைக்கி நிஷாந்த்கிட்ட நானே வந்து சொல்றேன். மிஸ் மேல ஒரு தப்பும் இல்ல, தூங்கிக்கிட்டிருந்தாங்க, நான்தான் எழுப்பலன்னு.

ஜீவராணி: ரெண்டு தடவ சொன்னீங்க.

தயாபரன்: என்ன?

ஜீவராணி: "அவ இல்ல தம்பி"ன்னு. மொத தடவ மெதுவா. அவன் திரும்பக் கேட்டதும் கொஞ்சம் சத்தமா. அப்பறம் போன மாவு டின்னுக்குப் பின்னால வச்சீங்க. டின்னு மூடி கீழ விழுந்துச்சு.

தயாபரன்: ஒனக்கு எப்பிடி... யாரு சொன்னா?

ஜீவராணி: யாரு சொல்லணும்? குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு பலகதானே. எழுப்பல எழுப்பலன்னு நீங்க எட்டு மாசமா வெந்துக்கிட்டிருக்கீங்க... எழுப்புறதுக்கு நா எங்கங்க தூங்கினேன்? அந்தப் பையன் அழுதது எனக்குக் கேட்டுச்சு. நீங்க இல்லன்னு சொன்னதும், அப்பாடான்னு போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டேன்.