பதினான்காம் நம்பர் காரின் ஹெட்லைட்

ஹெட்லைட் துடைக்க வெள்ளை டூத்பேஸ்ட்தான் நல்லது மேடம். நீல ஜெல்லில் வாசனை வரும், மஞ்சள் போகாது. சொன்னால் யாரும் கேட்பதில்லை. கிராம்பு போட்டது, உப்பு போட்டது என்று வாங்கி வந்து நிற்கிறார்கள், காருக்கு ஈறு வீங்கின மாதிரி.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பெயிண்டில் கீறல் விழாமல் விளக்கைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். பிறகு வாட்டர் பேப்பர், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். ஆயிரம் நம்பர், அப்புறம் இரண்டாயிரம் நம்பர். நனைத்து நனைத்துத் தேய்த்தால் பால் மாதிரி வழியும். அந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாகத் தெரியும், கார்க்காரர்கள் போதும் என்று கையைப் பிடிப்பார்கள். கடைசியில் பழைய பனியன் துணியில் பேஸ்ட் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்து, கழுவி, மெழுகு பூசிவிட்டால் ஷோரூமிலிருந்து இறங்கிய மாதிரி இருக்கும். உங்கள் ஜீப்புக்கும் நான்தான் செய்தேன், நீங்கள் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தபோது. கீழே வந்து தேங்க்ஸ் சொன்னீர்கள்.

பெயர் சண்முகவடிவு. வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. என் வீட்டுக்காரர் போனபிறகு மகன் பார்த்துக்கொள்கிறான். நந்தனத்தில் இருபத்திரண்டு வருடமாக அதே வீடுதான்.

ஜவஹர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தேர்தல் என்று ஒன்று நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம், மொட்டை மாடியில் எந்தக் கிழமை யார் துணி காயப்போடலாம், எல்லாவற்றுக்கும் அவர் கையெழுத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். விதி தவறாமல் நடப்பவர். கையில் எப்போதும் அளக்கிற டேப்.

என் வீட்டுக்காரர் இறந்த பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்திப் பாத்திரம்கூட இன்னும் கழுவவில்லை. அதற்குள் வாட்ஸப் குழுவில் ஜவஹர் சாரிடமிருந்து செய்தி வந்தது. பதினான்காம் நம்பர் பார்க்கிங் காலமான பொன்னுச்சாமி அவர்களின் பெயரில் இருக்கிறது, காலமானவர்கள் கார் ஓட்டுவதில்லை என்பதால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகிறது என்று எழுதியிருந்தார். அதன் கீழே நான்கு பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். அது எனக்கு ஆறுதலா, அவருக்கு ஆதரவா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் சண்டை போடுகிறவள் இல்லை. காரைப் பின்பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கேயும் வந்தார். சந்து மாநகராட்சியுடையது; ஆனாலும் சங்கத்தின் பெயரில் போர்டு வைத்தார். வேப்பம்பிசினும் காக்கை எச்சமும் மூன்று வருட வெயிலும் சேர்ந்து என் கார் ஹெட்லைட் இரண்டும் பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. கண்புரை விழுந்த மாதிரி. ஆகவே மேடம், இந்த விஷயத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூடின பார்க்கிங்கில் நின்றிருந்தால் அந்த விளக்குகள் மங்கியிருக்காது. விளக்கு மங்கியிருக்காவிட்டால் அவர் எனக்குத் தெரிந்திருப்பார்.

அன்றைக்குச் சந்தில் திரும்பினேன். அவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. காலில் புதுச் செருப்பு, ஸ்டிக்கர்கூடப் பிய்க்கவில்லை. டிராஃபிக் போலீஸ் மாதிரி கையைத் தூக்கினார்.

"இன்னா மேடம் இது? இந்தப் பக்கம் வண்டி வரக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது? போர்டு வெச்சிக்கீறேன், படிக்கத் தெரியாதா?"

நான் கண்ணாடியை இறக்கி, "அப்ப வண்டிய எங்கனதான் சார் கொண்டு விடட்டும்?" என்று கேட்டேன்.

"வித்துடுங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு காரு? ஆட்டோல போங்க."

கண்ணாடியை ஏற்றினேன். அப்புறம் இடித்துவிட்டது. அப்படித்தான் சொல்ல முடியும். விளக்கு அவ்வளவு மோசமாக இருந்தால் எதிரில் நிற்பது யார், எவ்வளவு தூரத்தில் என்று எப்படிக் கணிப்பது?

அவர் தலை கால்வாய் சிமெண்ட் மூடியில் பட்டிருந்தது. நினைவு இருந்தது. "108-க்குப் போன் போடுங்க" என்றார். என் இடதுபக்க ஹெட்லைட் உடைந்து சந்து முழுக்கச் சிதறிக் கிடந்தது. செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், பூனைகள் இருக்கின்றன. கடைப் பை ஒன்று இருந்தது, ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். குனிவது எனக்குச் சிரமம், முட்டி வலி. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை ப்ளீஸ் என்றார். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மனதுக்கு நிறைவாக இருந்தது. பொறுக்கி முடித்தபோது அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். போனை எடுக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

காரைக் கடைக் குடோனில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். நான் போனபிறகு சந்துக்குள் வந்தது, எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் காதரின் லாரி. அவன் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்து, 108-ஐயும் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டை முழுக்க ரத்தம். அப்படி உட்கார்ந்திருந்தவனை ஊர் என்ன செய்யும்? அடித்தது. நீங்கள் வந்து கூட்டிப்போனீர்கள். நல்ல பையன், ஆனால் அவன் லாரி விளக்கும் சுத்தமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். மெஹபூப் அலி பாய் இடதுபக்கத்துக்கு ஒன்று மாட்டிக் கொடுத்தார். பிறகு தள்ளி நின்று பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஒரு கண்ணு பளிச்சுனு, ஒரு கண்ணு மஞ்சக்காமாலை மாதிரி கீதும்மா. பாக்கறவன் அதத்தான் பாப்பான். நீங்களே வூட்ல துடைச்சுக்கலாம், சொல்லித்தரேன்."

கலையை அவரிடம்தான் கற்றேன். உங்களிடம் அடையாளம் சொல்லியிருக்கிறார் என்றால், அவர் என்னை மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. பெருமைதான்.

வலதுபக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். நன்றாக வந்தது. ஆனால் எங்கள் குடியிருப்பில் பதினைந்து வருடப் பழைய காருக்கு இவ்வளவு பளிச்சென்ற விளக்கு என்னுடையது மட்டும்தான் என்று தோன்றியது. அது அழகில்லை. பக்கத்து வீட்டுச் சிந்துவின் காரைத் துடைத்தேன், பிறகு மாடிவீட்டுக்காரர் காரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜவஹர் நினைவு ஹெட்லைட் துப்புரவு முகாம் என்று பேனரே கட்டிவிட்டோம். அவர் படத்துக்கு மாலை போட்டு, சுண்டல் கொடுத்து, முதல் விளக்கை அவர் மனைவி ஜெயஸ்ரீயின் கையால் துடைக்க வைத்தோம். "அவர் இருந்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். இருந்திருந்தால் வாளி வைக்க அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டிருப்பார். அவளுக்குச் சுண்டல் எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் முப்பத்தெட்டு கார். நீங்கள் வந்து எந்தக் கார் விளக்கு புதுசு என்று தேடியபோது, எல்லாமே புதுசாகத்தான் இருந்தது.

காதரின் மனைவி வஜீஹா கேட்டில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை.

"நீங்களாச்சும் பாத்தீங்களாம்மா? அவரு ஒதவி பண்ணத்தாம்மா எறங்கினாரு. யாராச்சும் ஒருத்தர் பாத்தேன்னு சொன்னா வுட்டுருவாங்கம்மா."

"பார்க்கலையேம்மா" என்றேன். அதில் பொய் இல்லை. ஹெட்லைட் அந்த நிலையில் இருக்கும்போது நான் எதைப் பார்த்திருக்க முடியும்? குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தனுப்பினேன்.

நேற்று அவள் திரும்ப வந்தாளாம். காவலாளி உள்ளே விடவில்லை. இன்று நீங்கள் இந்த மஞ்சள் துண்டை மேசையில் வைத்தீர்கள். கால்வாய் மூடிக்கு அடியில் கிடந்தது என்கிறீர்கள். லாரி விளக்கு கண்ணாடி, இது பிளாஸ்டிக். சரிதான். எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் ஒன்று தப்பிவிடுகிறது. வாட்டர் பேப்பர் இருந்தால் இதையும் பளபளவென்று ஆக்கிக் கொடுத்துவிடுவேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஷீலா மேடம். ஜவஹர் சாரை இடித்தது நான். அவர் கேட்டும் போன் செய்யாதது நான். காதரை விட்டுவிடுங்கள், லாரி விளக்கை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள். மங்கின ஹெட்லைட்டால் வந்த விபத்து. மூன்று வருடம் வெயிலில் நிற்க வைத்தது அவர்.

என்ன கேட்டீர்கள்? அந்த நேரத்தில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்ததா என்றா?

இல்லை மேடம். பகல் பதினொன்றரை மணிக்கு யார் ஹெட்லைட் போடுவார்கள்?