ஒரு சாண்

பழைய பட்டாளத்து ரைஃபிள் வாங்கப் போகிறவனிடம் முதலில் கேட்க வேண்டியது, முதுகு வலி உண்டா என்பதுதான். எல்லாமே கனம். குண்டு நிரப்பித் தோளில் போட்டால் கைக்குழந்தையைச் சுமப்பது போல. அழாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நான் சொல்வேன். சொன்னதால் யாரும் வாங்காமல் போனதில்லை.

வெர்லினைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன், அம்மா. உங்கள் ஷெரீஃப் அலுவலகத்துக் காபி நன்றாக இருக்கிறது.

வெர்லின் என் தங்கை ஆர்லீனின் கணவன். மான் வேட்டைக்கு ஒரு துப்பாக்கி வைத்திருந்தான். நம் மான்டானா மாநிலத்தில் அது வீட்டில் கரண்டி வைத்திருப்பது மாதிரி. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படகை விற்றான். பட்டாளத்து ரகம் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னான். ஒன்றே ஒன்று. எங்கள் துப்பாக்கி கிளப்பில் அது பெண் பார்க்கிற மாதிரி. எல்லோரும் தரகர்கள் ஆகிவிட்டோம்.

மூன்று வரன்கள். ஜி-3 ஜெர்மன்காரனுடையது. தகரத்தை அழுத்திச் செய்தது. எதற்கும் சாகாது. கழுதை மாதிரி உதைக்கும். காலித் தோட்டாவைப் பக்கத்து மாவட்டத்தில் கொண்டுபோய்ப் போடும். அதை முதல் வாரமே தள்ளிவிட்டோம். எஃப்ஏஎல் பெல்ஜியத்தில் பிறந்தது. பாதி உலகம் அதைச் சுமந்திருக்கிறது. நான் நேர்மையானவன், நல்ல துப்பாக்கி என்றே சொல்வேன். அதன் ஒரே குறை, அதை வைத்திருப்பவர்கள் வாயை மூட மாட்டார்கள். எம்-14 நம் அமெரிக்காவின் சொந்தப் பிள்ளை. வால்நட் மரத்தில் செய்த கட்டை. குறி பார்க்கும் அமைப்பில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. என்னிடம் இருப்பது அதுதான். விவாகரத்தில் மனைவி வீட்டை எடுத்துக்கொண்டாள், நான் அதை எடுத்துக்கொண்டேன். தனக்குத்தான் லாபம் என்று அவள் இன்னும் நினைக்கிறாள்.

எஃப்ஏஎல் பக்கத்துத் தரகன் பர்ல். லாரி பழுது பார்ப்பவன். சனிக்கிழமை காலைகளில் மூவரும் ஒரே மேசையில் பான்கேக் சாப்பிடுவோம்.

"வெர்லின், இவன் பேச்சைக் கேக்காத. மரம்டா அது. ஈரம் பட்டா கட்டை வீங்கும். இன்னைக்கு நேரா சுடும், நாளைக்கு மழை பேஞ்சா ஒரு சாண் தள்ளிச் சுடும்."

"உன்னுது பிளாஸ்டிக்கு. சாப்பாட்டு டப்பா," என்றேன்.

"டப்பா வீங்காதுல்ல?"

வெர்லின் மீசையில் பாகு ஒழுகச் சிரித்தான். "மச்சான், உன் துப்பாக்கிக்கு மூட்டுவலி. மழைக்காலம் வந்தா முனகுது."

கட்டை வீங்குவது கவனிப்பில்லாதவர்களின் துப்பாக்கியில். நான் வாராவாரம் ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

போன கோடை முழுவதும் என் எம்-14-ஐ அவனுக்கு இரவல் கொடுத்தேன். அப்படி நான் யாருக்கும் கொடுத்ததில்லை. சாண்ட்விச் தின்ற கையால் தொட்டான். பொறுத்துக்கொண்டேன். வீட்டு மாப்பிள்ளை.

ஏப்ரலில் இரண்டு நாள் விடாத தூறல். சனிக்கிழமை காலை சற்று ஓய்ந்தது. சுடுதளத்தில் வெர்லின் ஒரு புதுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பர்லிடம் உபரியாக இருந்த எஃப்ஏஎல்.

"மன்னிச்சுரு மச்சான். மழை தாங்குற பொண்ணாப் பாத்துக் கட்டிட்டேன்."

பர்ல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். பர்லைக் கேளுங்கள், சொல்வான்.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலக்குத் தாளை மாற்ற ஒருவன் மைதானத்துக்குள் போனால், எல்லாத் துப்பாக்கியும் காலியாகத் திறந்திருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு உட்காரும் துளைக்குள் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை செருகியிருக்க வேண்டும். எல்லோரும் மேசையை விட்டு விலகி நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு ஜெபத்துக்கு முன்பே நாங்கள் இதைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அன்று வெர்லின் தாள் மாற்றப் போனான். துப்பாக்கியும் மேசையிலேயே இருந்திருக்க வேண்டும். அவன் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

"வச்சுட்டுப் போய்யா," என்றான் பர்ல்.

"மச்சான் பக்கத்துலயா? பொறாமையில கடிச்சு வச்சிருவாரு."

இருநூறு கஜம் போனான். எஃப்ஏஎல்லை இலக்குச் சட்டத்தில் சாய்த்து வைத்தான். அதன் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பது மாதிரி நின்றான்.

"மச்சான்! உன் மரக்கட்டையால இதத் தொட முடியுமா?"

முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் என் வருத்தம். ஒரு கோடை முழுவதும் கையில் வைத்திருந்தவன்.

பர்ல் எனக்கு முதுகைக் காட்டித் தன் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நான் மேசைக்குப் போனேன். என் எம்-14-லிருந்து பட்டையை எடுத்தேன். ஒரு குண்டு போதும். உட்கார்ந்து, மூச்சை விட்டு, அவசரப்படாமல் சுட்டேன். நல்ல சுடுதல். கையில் அது தெரியும்.

வெர்லின் உட்கார்வது மாதிரி விழுந்தான்.

தொலைநோக்கியில் முதலில் எஃப்ஏஎல்லைப் பார்த்தேன். சட்டத்தில் அப்படியே சாய்ந்திருந்தது. கீறல்கூட இல்லை. அதற்கு இடப்பக்கம், அவன் நின்ற இடத்தில், அவன் இல்லை. ஏன் அதை முதலில் பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். அது பழக்கம், அம்மா. வேறு காரணம் இல்லை.

பர்ல் திரும்பினான். "லோவெல்... பட்டை எங்கடா? டேய், பட்டை எங்கடா?"

என் சட்டைப்பையில் இருந்தது. மடித்து. நான் எதையும் கீழே போடுகிறவன் இல்லை.

அவன் மைதானத்துக்குள் ஓடினான். நான் எம்-14-ஐத் துணியால் துடைத்து உறையில் போட்டேன். ஈரத்தோடு உறையில் போடக்கூடாது. பிறகு நானும் போனேன். நடந்துதான். ஓடுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இன்று காலையில் என் வக்கீல் வந்தார். கெட்டிக்கார இளைஞர், ஆனால் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. "நீங்க அந்தத் துப்பாக்கியத்தான் குறி வச்சீங்க சார். விளையாட்டு. மழை, கட்டை வீங்கிருச்சு, குண்டு ஒரு சாண் தள்ளிப் போயிருச்சு. பர்லும் அப்படித்தான் சாட்சி சொல்வேங்கறாரு. சில வருஷத்துல வெளிய வந்துரலாம்," என்றார். பர்ல் சாட்சி சொல்வான்தான். இருபது வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அப்புறம் ஆர்லீன் வந்தாள். கறுப்பு உடுத்தவில்லை. அவனுடைய தபால்துறைச் சட்டையைப் போட்டிருந்தாள். கைதிகளைப் பார்க்கும் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"அண்ணா, எனக்கு வேற எதுவும் வேணாம். நீ அவரக் குறி வைக்கலன்னு மட்டும் சொல்லு. சொன்னாப் போதும். நான் வாராவாரம் வந்து பாத்துக்கறேன்."

பக்கத்து இருக்கையில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், யோசிக்க முடியவில்லை. கடைசியில் ஆர்லீன் போனை மாட்டிவிட்டுப் போனாள்.

இப்போது யோசித்துவிட்டேன். இருநூறு கஜத்தில், உட்கார்ந்த நிலையில், எம்-14 ஒரு சாண் தவறியது என்று நீதிமன்றத்தில் எழுதி வைக்க நான் சம்மதிக்க முடியாது. அந்தத் துப்பாக்கி குறி வைத்த இடத்தில் சுடும். நான் வெர்லினின் நெஞ்சைக் குறி வைத்தேன். நெஞ்சில் பட்டது. அவனைக் கொல்லவே சுட்டேன். ஆர்லீனிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

இன்னும் ஒன்று. வெளியே மறுபடியும் தூறுகிற சத்தம் கேட்கிறது. சாட்சிப் பொருள்களை உங்கள் கீழ்த்தளத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். என் எம்-14-ஐ மட்டும் மாடிக்கு மாற்றச் சொல்லுங்கள், அம்மா. ஈரம் ஆகாது அதற்கு.