சிரோமலைப் பிரபு வீட்டுப் பெண்

யோலெத்: இத்தனை எழுத்து கல்லறையில அடங்காது, வாத்தியாரே. பஸ்ஸு முதுகுல வேணா எழுதித் தர்றேன்.

வில்னேர்: அடக்கு.

யோலெத்: பொடியா எழுதினா யார் படிப்பா? நாளைக்குக் கல்லறைத் திருநாள். மீலோ ஊரே மெழுகுவத்தியோட வரும். குனிஞ்சு குனிஞ்சா படிப்பாங்க?

வில்னேர்: குனியட்டும்.

யோலெத்: ம்... நீங்களே ஒருதரம் படிங்க. பள்ளிக்கூடத்துல பசங்க எப்படித்தான் உங்க எழுத்தைப் புரிஞ்சுக்கிறாங்களோ.

வில்னேர்: "சிலியான். சிரோமலைப் பிரபு வீட்டுப் பெண்."

யோலெத்: பிரபு வீட்டு...

வில்னேர்: என்ன?

யோலெத்: ஒண்ணுமில்ல. பிரஷ்ஷு காஞ்சு போச்சு. வெறும் சிலியான்னு போட்டா போதாதா? உங்க பெண்டாட்டியைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரு?

வில்னேர்: பத்து வருஷம் ராஜாவோட இடிஞ்ச அரண்மனையை வெளியூர்க்காரங்களுக்குச் சுத்திக் காட்டினா. வர்றவங்ககிட்ட தினம் இதைத்தான் சொன்னா. கல்லுலயும் இதுதான்.

யோலெத்: வெளியூர்க்காரங்ககிட்ட சொல்றது வேற. அவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. எலுமிச்சை ஜூஸுக்கு ஒரு கோமான், பழ ஜாமுக்கு ஒரு கோமான், இப்ப சிரோங்கற சர்க்கரைப் பாகுக்கும் ஒரு பிரபுவான்னு...

வில்னேர்: சிரிச்சா அவ விட மாட்டா. "லிமொனாட் ஒரு ஊரு. மார்மலாட் ஒரு ஊரு. சிரோ ஒரு மலை. எங்க ராஜா ஊர் பேருலதான் பட்டம் குடுத்தாரு. உங்க பக்கம் ஆரஞ்சு இளவரசர்னு ஒருத்தர் இருந்தாரே, அவரைப் பிழிஞ்சா குடிச்சீங்க?"ம்பா.

யோலெத்: ஹா... அதே குரல், வாத்தியாரே! அதே... மன்னிச்சுக்குங்க. சிரிச்சிருக்கக் கூடாது.

வில்னேர்: சிரி. பரவால்ல.

யோலெத்: சிலியான் போன இந்த மூணு மாசத்துல நாலு தடவை என் கடைக்கு வந்துட்டீங்க. பெயிண்ட் டப்பாவை எண்ணிட்டு ஒண்ணும் சொல்லாமப் போவீங்க. இன்னிக்காவது வாயைத் திறந்தீங்களேன்னு நெனச்சேன். திறந்து, இப்படி ஒரு வரியைக் குடுக்கறீங்க.

வில்னேர்: எழுத முடியுமா, முடியாதா?

யோலெத்: கோயிலுக்கு எதிர்ல தெராவின் குடும்பத்து இரும்புக்கடை இருக்கே, போர்டுல என்ன போட்டிருக்கு? "சிரோமலைப் பிரபு குடும்பத்தார்." நிஜமான வாரிசு அவங்க. அவங்க கல்லறையும் சிலியான் கல்லறையும் எட்டு அடி தூரம். நாளைக்கு அந்தக் கடைக்காரக் கிழவர் கல்லறை மேல காபி ஊத்திக் கும்பிட வருவாரு. இதைப் பார்த்தா கல்லையே பேர்த்துப் போடுவாரு.

வில்னேர்: பேர்க்கட்டும். திரும்ப வெப்பேன்.

யோலெத்: சிலியான் துணி வெளுக்கிறவ மக. ஊருக்கே தெரியும்.

வில்னேர்: ஊரு இருக்கட்டும். நீ என்ன சொல்ற?

யோலெத்: நான் என்னத்தச் சொல்ல... ராஜா போயே இருநூறு வருஷமாச்சு. அரண்மனைக்குக் கூரைகூட இல்ல. இன்னும் என்ன பட்டம்?

வில்னேர்: அப்ப யாருக்கும் நஷ்டமில்ல. எழுது. மேல கேடயமும் போடணும்.

யோலெத்: எந்தக் கேடயம்?

வில்னேர்: பிரபு குடும்பத்துச் சின்னம். பார்த்திருக்கியா?

யோலெத்: ...எப்பவோ.

வில்னேர்: பென்சில்ல போட்டுக் காட்டு.

யோலெத்: விட மாட்டீங்க போல. இந்தாங்க... நடுவுல கரும்பு. இந்தப் பக்கம் ஒரு சேவல். அந்தப் பக்கம் ஒண்ணு. கீழ ஒண்ணு. மூணு சேவல். சரிதானா?

வில்னேர்: காலையில தெராவின் கடைக்குப் போனேன். ஆணி வாங்க. கல்லாவுக்கு மேல அந்தக் கேடயம் மாட்டியிருக்கு.

யோலெத்: இருக்கும்.

வில்னேர்: ரெண்டு சேவல்தான்.

யோலெத்: இல்லயே... மூணு.

வில்னேர்: ரெண்டு. ஏறி நின்னு தொட்டே பார்த்தேன். கீழ இருக்கறது துருக்கறை. எட்ட நின்னு பார்த்தா வாலும் கொண்டையுமாத் தெரியுது.

யோலெத்: துருவா...

வில்னேர்: சிலியானும் மூணுன்னுதான் சொல்லுவா. அந்தக் கடைக்குள்ள அவ காலே வெச்சதில்ல.

யோலெத்: பெயிண்ட் நெடி, வாத்தியாரே. எனக்குக் கண்ணு...

வில்னேர்: அவளுக்கு மூணுன்னு சொன்னது யாரு, யோலெத்?

யோலெத்: ...அந்தக் கதவைச் சாத்துங்க.

வில்னேர்: சாத்திட்டேன்.

யோலெத்: எனக்கு ஏழு வயசு. அம்மா அந்தக் கடைக்குப் பின்னாடி இருக்கற அவங்க வீட்ல சமையல். பின்வாசல்லயே நிக்கணும் நான். ஒருநாள் வீட்ல யாரும் இல்ல. கிழவர்... அப்ப அவரு கிழவர் இல்ல... என்னைக் கடைக்குள்ள தூக்கிட்டுப் போய் அந்தக் கேடயத்தைக் காட்டினாரு. "பார், உன் வீட்டுச் சேவல்"னாரு. ஒரே ஒரு தடவைதான். சன்னலெல்லாம் சாத்தியிருந்துது. மூணுன்னு எண்ணிக்கிட்டேன்.

வில்னேர்: உன் வீட்டு.

யோலெத்: அவருக்குப் பொறந்தவதான் நான். வெளிய சொன்னா அம்மா வேலை போயிடும். சத்தியம் வாங்கினா. சிலியான்கிட்ட மட்டும் சொன்னேன். நாலாங்கிளாஸ்ல, அரண்மனை மரத்தடியில.

வில்னேர்: அவ எடுத்துக்கிட்டா.

யோலெத்: எடுத்துக்கல! அப்படிச் சொல்லாதீங்க. "உன் வாயால சொல்ல முடியாதுல்ல? நான் சொல்றேன்"ன்னா. அவ அரண்மனையில வேலைக்குச் சேர்ந்த மொத நாள், கூட்டத்துக்குப் பின்னாடி போய் நின்னேன். அவ அந்தப் பெரிய படிக்கட்டுல ஏறி, கையை இடுப்புல வெச்சுக்கிட்டு, "நான் சிரோமலைப் பிரபு வீட்டுப் பொண்ணு"ன்னா. என்னையே பார்த்துக்கிட்டு. அப்புறம் ஊரு அவளைப் பொய்க்காரின்னுது. சந்தையில சேவல் மாதிரிக் கூவிக் காட்டினாங்க. எல்லாத்தையும் தாங்கிக்கிட்டா. நான் வாயே திறக்கல.

வில்னேர்: பத்து வருஷம்.

யோலெத்: இதையும் என் கையால கல்லுல எழுதினா, செத்த பிறகும் அவ பொய்க்காரி. எழுத மாட்டேன். கிழவர் வந்து கத்துவாருன்னு பயந்து இல்ல. அது அவளோடது இல்ல. என்னோடது. கேக்குதா, வாத்தியாரே? என்னோடது.

வில்னேர்: சரி.

யோலெத்: என்ன சரி? உங்க பெண்டாட்டி சொன்னது நெசமில்லைங்கறேன். கோவம்கூட வரலையா உங்களுக்கு?

வில்னேர்: அந்தச் சீட்டைக் குடு.

யோலெத்: ஐயோ, ஏன் கிழிக்கிறீங்க? அப்ப கல்லுல என்னதான் எழுதறது?

வில்னேர்: சிலியான்னு மட்டும் எழுது. ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் சொல்லிட்டா. "யோலெத் தன் வாயால 'என்னோடது'ன்னு சொல்ற வரைக்கும் என் கல்லுல ஒரு எழுத்தும் வேண்டாம்"னா. அவ கடைசியாப் பேசினது அதுதான். எப்படி ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியல. அதான் இந்த வரியை எடுத்துட்டு வந்தேன். மூணு மாசமாப் பேரில்லாமக் கிடக்கா.