வெண்ணிலா கடைசியாய்ச் சாப்பிட்டது

ஆனந்தராஜ்: கொழந்த கையி நீலமா ஆயிக்கினு கெடக்குது, நீங்க பேரு இன்னா, ஊரு இன்னான்னு...

கலைப்பிரியா: அண்ணா, நீங்க வாய்விட்டுச் சொன்னாதான் இந்த ஆபரேஷன் தியேட்டர் கதவத் தாண்டி ஸ்ட்ரெச்சர் உள்ள போகும். கொழந்த பேரு?

ஆனந்தராஜ்: திண்டிவனத்துல கேட்டாங்க. விழுப்புரம் வந்ததும் கீழ கேட்டாங்க. இப்ப நர்ஸம்மா நீங்களா!

புனிதா: வெண்ணிலா, சிஸ்டர். எம்பொண்ணு.

கலைப்பிரியா: எந்தக் கை?

ஆனந்தராஜ்: ம்... காலு! கட்டு போட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியல?

புனிதா: சும்மா இருங்க நீங்க... வலது கை சிஸ்டர். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை மூட்டை மேல ஏறி ஆடிக்கினு இருந்தா. விழுந்துட்டா.

கலைப்பிரியா: கடைசியா இன்னா சாப்ட்டா?

ஆனந்தராஜ்: ஒண்ணும் சாப்டல! எழுதிக்குங்க. ஜல்தியா தள்ளுங்க.

கலைப்பிரியா: "சாப்ட்டாளா"ன்னு நான் கேக்கலண்ணா. அப்டிக் கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க. அவசரத்துல நாங்களும் டிக் போட்டுட்டுப் போய்க்கினே இருப்போம். அதான் கேள்வியவே மாத்திட்டோம். மயக்க டாக்டரு உள்ள இந்த பதிலுக்குத்தான் நிக்கறாரு.

புனிதா: சாப்ட்டிருந்தா... திருப்பி அனுப்பிடுவீங்களா?

ஆனந்தராஜ்: புனிதா!

கலைப்பிரியா: மாட்டோம்மா. கை போய்டும்ல? ஆபரேஷன் உண்டு. மயக்கத்துல, வயித்துல இருக்கறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போய்டக் கூடாது. முன்னாடியே தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி மயக்கம் குடுப்பாரு. தெரியலன்னாதான் உயிருக்கே ஆபத்து.

புனிதா: ...கேப்பைக் கூழு. விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.

ஆனந்தராஜ்: அடிப்பாவி! திண்டிவனத்துல அவ்ளோ கேட்டாங்களே, வாயத் தொறந்தியா நீ?

புனிதா: வேற ஆஸ்பத்திரிக்குப் போன்னு தொரத்திடுவாங்களோன்னு...

ஆனந்தராஜ்: பெத்தவளா நீ? கொழந்தைக்கு எதுனா ஆயிருந்தா?

கலைப்பிரியா: திட்டாதீங்கண்ணா. இப்பவாவது சொன்னாங்களே. அதுக்கப்புறம்மா? வழியில?

புனிதா: இல்ல சிஸ்டர், சத்தியமா. எம்மடியிலயேதான் படுத்துக்கினு வந்தா. கூட்டேரிப்பட்டுல நான் பாத்ரூம் போனேன், அப்ப மட்டும் இவரு மடியில இருந்தா.

கலைப்பிரியா: அண்ணா...?

புனிதா: இன்னாங்க... உங்களத்தான் கேக்கறாங்க.

ஆனந்தராஜ்: ...பசிக்குதுப்பான்னு அழுதா, புனிதா. கடையில அவிச்ச மல்லாட்டை இருந்திச்சி... அம்மா வர்றதுக்குள்ள மென்னுடும்மான்னு, நாந்தான் உரிச்சு உரிச்சு வாயில போட்டேன்.