ஆட்ட நாள் குரல்

எனக்குக் குரல் நல்ல குரல். பாடுவதற்கு உதவாது, கூப்பிடுவதற்கு உதவும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கோர்ட்டில் வேலை கிடைத்ததே இந்தத் தொண்டையால்தான். முப்பத்தொரு வருஷம் டவாலி. நீதிபதிக்கு முன்னால் நடக்க வேண்டும், கதவருகே நிற்க வேண்டும், வழக்கு எண் வந்ததும் வராந்தாவைப் பார்த்துப் பேரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறைக்கும் ஆள் வராவிட்டால் உள்ளே திரும்பி "ஆஜர் இல்லைங்கய்யா" என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் நடப்பது என் பாடு இல்லை.

இதை நானே எழுதுகிறேன். விசாரணை அதிகாரியான நீங்கள், "பெரியவரே, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றீர்கள். வேண்டாம். வாய் சொன்னது ஒன்று, காகிதத்தில் ஏறினது வேறொன்று என்று ஆனதைக் கதவருகே நின்று எத்தனையோ தடவை பார்த்தவன் நான். என் எழுத்தில் பிழை இருக்கும். அதை யாரும் திருத்த வேண்டாம்.

முதலில் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கால்பந்து கிளப்புக்கு ரசிகர் சங்கங்கள் நிறைய. பஸ் டிரைவர்களுக்கு ஒன்று, வாத்தியார்களுக்கு ஒன்று. கோர்ட்டுக்காரர்களுக்கு ஒன்று. அதற்குக் கறுப்புக்கோட்டு வரிசை என்று பேர். வக்கீல்கள், சட்டம் படிக்கிறவர்கள், ஆபீசில் நகல் போடுகிறவர்கள், இரண்டு நீதிபதிகள். வக்கீல்கள் நூலகத்துக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் அறையில்தான் கூட்டம். மைதானத்தில் கிழக்குக் காலரியில் ஏழாவது வரிசை முழுக்க அவர்கள். வேலை நாளில் ஆட்டம் என்றால் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் நீதிபதிதான் சங்கத்துக்குத் தலைவர்.

நான் அங்கே முதலில் போனது அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்னால் இருந்தோம். எல்லாருக்கும் முகம் செத்துப்போயிருந்தது. வாய்தா என்று ஒரு வக்கீல். எந்த வழக்கானாலும் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பார், அதனால் அந்தப் பேர். அவர் என்னைப் பார்த்தார்.

"யோவ், நம்ம டவாலிய விட்டு அந்தக் கோல்கீப்பரக் கூப்பிடச் சொல்லுங்கய்யா. வர்றானா பாப்போம்."

நீதிபதி சிரித்தார். அது உத்தரவு மாதிரிதான். எழுந்து நின்று, எதிர் அணிக் கோல்கீப்பர் பேரைக் கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரியே இழுத்து மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முடிந்ததும் ஏழாவது வரிசை மொத்தமும் ஒரே வாயாக "ஆஜர் இல்லை" என்றது. காலரியே சிரித்தது. அவன் யாரடா என்று திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் மூலையிலிருந்து வந்த பந்து உள்ளே போய்விட்டது.

அதிலிருந்து எந்த ஆட்டமும் நான் இல்லாமல் இல்லை. எனக்கு மைக்கு என்று பேர் வைத்தார்கள். கரண்டே வேண்டாத மைக்கு. வரிசைக் கடைசி இருக்கை எனக்கு. பச்சை மப்ளர் ஒன்று கொடுத்தார்கள், அட்டை ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் 'விருந்தினர்' என்று போட்டிருக்கும். மற்றவர்களுக்கு 'உறுப்பினர்' என்று மட்டும்தான். விருந்தினர் என்பது கூடுதல் மரியாதை. முதல் கோல் விழுந்த அன்று நீதிபதி என் தோளைப் பிடித்து உலுக்கினார். கோர்ட்டில் அவர் கை என் மேல் பட்டதே கிடையாது. ஓய்வு வயது தாண்டியும் வருஷா வருஷம் எனக்கு வேலையை நீட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

ஆட்ட நாள் குரல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. வேலை நாள் ஆட்டம் நாலு மணிக்கு. பட்டியலில் இருபது வழக்கு இருக்கும். ஒரு தடவை வாய்தா வக்கீல் வராந்தாவில் என் காதருகே வந்து, "மைக்கு, இன்னிக்குக் கூப்பிடு, கூப்பாடு போடாத" என்றார். தமாஷாகத்தான் சொன்னார். நானும் தமாஷாகத்தான் செய்தேன். வாசலைத் தாண்டாத குரலில் மூன்று முறை. பக்கத்தில் நின்றவர்கள் வந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் வரவில்லை. வராத வழக்கு இரண்டு நிமிஷத்தில் தள்ளுபடி. பன்னிரண்டரைக்கெல்லாம் பட்டியல் காலி.

நீதிபதி வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அதை நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், மூன்று தடவையும் இதையே சொன்னேன். ஆட்ட நாளில் காலையில் உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பட்டியல் மேல் வைப்பார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி வைப்பது குற்றம் என்றால் நீங்களும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், மேஜை மேல்.

இதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. கோர்ட்டில் எதுவும் முடிந்து போகாது, தள்ளித்தான் போகும். வெள்ளிக்கிழமை தள்ளுபடி ஆனதைத் திங்கட்கிழமை மனுப் போட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். நீதிபதி ஒரு தடவைகூட மறுத்ததில்லை. திங்கட்கிழமை அவர் ரொம்பத் தாராளமாக இருப்பார், ஜெயித்திருந்தால்.

அந்த வெள்ளிக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவுக்குப் போகலாம். இருபத்திரண்டு வருஷமாகப் போகாத இடம். காலையிலேயே வக்கீல்கள் அறையில் பச்சைத் துணி தொங்கியது. பட்டியலில் பத்தொன்பது வழக்கு. கண்ணாடி பட்டியல் மேல் இருந்தது.

பதினாலாவது அந்த அம்மாவின் வழக்கு. வயது முப்பது இருக்கும், தையல் வேலை. புருஷன் அடிக்கிறான் என்று பிரிந்து வந்து, ஆறு வயதுப் பெண் பிள்ளையை அவன் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது என்று தடை வாங்கியிருந்தாள். பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று அவன் சொன்னதாக மனுவில் எழுதியிருந்தது. மனுவில் எல்லாரும் எல்லாம் எழுதுவார்கள். நான் நம்புவதில்லை. வழக்கு தள்ளுபடி ஆனால் தடையும் போய்விடும்.

அவளுடைய வக்கீல் சங்கத்தில் இல்லாதவர். அன்றைக்கு அடுத்த கட்டிடத்தில் வேறு வழக்கில் இருந்தார். கூப்பிட்டால் போன் போடு, ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாராம். புருஷனுக்கு வாய்தா வக்கீல். புருஷன் கோர்ட் வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பயந்து அவள் வராந்தாவின் அந்தக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்து கேட்டாள்.

"ஐயா, பதினாலு எப்பங்கய்யா வரும்?"

"மத்தியானம் ஆகும்மா."

மற்ற நாளில் மத்தியானம்தான் ஆகும். அன்றைக்குப் பதினொன்றே முக்காலுக்கு வந்துவிட்டது. கதவருகே நின்று கூப்பிட்டேன். மூன்று முறை. புருஷன் உள்ளே வந்து நின்றான். வாய்தா வக்கீல் எழுந்து, "எதிர்த்தரப்பு ஆஜர் இல்லை" என்றார். வழக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லித்தான் கேட்பார். அன்றைக்குத் தள்ளுபடி கேட்டார், தள்ளி வைத்தால் இன்னொரு நாள் வரவேண்டுமே என்று. நீதிபதி எழுதினார். பதினைந்தாவது வந்தது.

தள்ளுபடி உத்தரவின் நகல் கிடைக்க எப்போதும் ஒரு வாரம் இழுக்கும். நகல் போடுகிறவரும் ஏழாவது வரிசைதான். மேஜையில் வேலை பாக்கி வைத்துவிட்டு ஆட்டத்துக்குப் போனால் ராசி இல்லை என்று அவருக்கு ஒரு எண்ணம். ஒன்றே முக்காலுக்கு முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி மூன்றரைக்குக் கூப்பிடப் போவதாக ஏற்பாடு. புருஷன் மூன்று மணிக்கே முத்திரையோடு போய் நின்றான். பள்ளிக்கூடத்தில் முத்திரையைப் பார்த்தார்கள், பிள்ளையை அனுப்பினார்கள். அவர்கள் செய்தது சரிதான். மூன்றரைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, கோர்ட் உத்தரவோடுதான் அப்பா கூட்டிப்போனார் என்று கேட்டுத் திரும்பிவிட்டாளாம்.

நாங்கள் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். எழுபதாவது நிமிஷத்தில் கோல்கீப்பரைக் கூப்பிட்டேன். அந்த மாதிரிக் குரல் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டதாகச் சொன்னார்கள். ஏழாவது வரிசை "ஆஜர் இல்லை" என்றது. நீதிபதி அழுதார். என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார். அந்த நேரத்தில் அந்த அம்மா வராந்தாவில்தான் இருந்தாளாம். ஐந்தே முக்காலுக்குக் காவல்காரர் கதவைப் பூட்ட வந்தபோது, "என் நம்பர் இன்னும் வரலீங்களே" என்றாளாம். காவல்காரர் எனக்குச் சொன்னது இது.

சனிக்கிழமை காலையில் அணைக்கட்டுத் தண்ணீரிலிருந்து அவன் காரை எடுத்தார்கள். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். பிள்ளைக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டிருந்தான் என்று போலீஸ்காரர் சொன்னார்.

திங்கட்கிழமை நீதிபதி என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பதிவேட்டுல மூணு முறைன்னு இருக்கு. இல்லையா?"

"இருக்குங்கய்யா."

"அப்ப சரி."

மனுப் போட யாரும் வரவில்லை. அந்த ஒரு வழக்குத்தான் திங்கட்கிழமை திரும்ப ஏறாமல் போனது.

அதற்குப் பிறகு சங்கத்திலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்ததை எனக்குக் காட்டினீர்கள். மேற்படி டவாலி எக்காலத்திலும் எங்கள் உறுப்பினர் அல்லர், சட்டத் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை. அட்டையை இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். தேதி, முத்திரை எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகளும் கேட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, அந்தப் பொண்ணக் கூப்பிட்டீங்களா?"

"மூணு தடவ கூப்பிட்டேன்."

"சத்தமான்னு கேட்டேன்."

"காது இருக்கறவங்களுக்குக் கேட்கும்மா."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "உங்க மப்ளர இந்த வீட்டுல தொங்கவிடாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். மகள்கள் அப்படித்தான், தகப்பன் என்ன பட்டான் என்று யோசிக்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் இதைக் கேட்கவில்லை, கேட்கத் தெரியவில்லை. குரல் தாழ்ந்தது வயதால், சளியால் என்று நீங்களே ஒரு வழி காட்டினீர்கள். வாய்தா வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொன்னார். என் குரலுக்கு ஒன்றும் இல்லை. அதைப் பழிக்க நான் விடமாட்டேன்.

பட்டியல் முடிய இன்னும் இரண்டு வழக்கு இருந்தது. வழக்குக் கட்டு ஒன்று எடுக்க வெளியே வந்தேன். மணி பன்னிரண்டு இருக்கும். நகல் இன்னும் போடவில்லை, நீதிபதி இன்னும் மேடையில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எழுந்து என்னிடம் வந்தாள். கையில் மனு உறை. பிள்ளையின் போட்டோ ஒன்று உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, பதினாலு கூப்பிட்டாச்சாங்களா? எனக்குக் கேக்கவே இல்ல."

ஆச்சு என்று சொல்லியிருந்தால் உள்ளே ஓடியிருப்பாள். அழுதிருப்பாள். நீதிபதி நல்லவர், எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எடுத்திருப்பார். அவளுடைய வக்கீல் வந்து சேர, இவர் பேச, அவர் பேச, நாலு மணி ஆகியிருக்கும். ஏழாவது வரிசை பாதி காலியாக இருந்திருக்கும். எல்லாரும் என்னைப் பார்த்திருப்பார்கள்.

"இன்னும் இல்லம்மா. நானே வந்து கூப்பிடறேன்" என்றேன்.

அவள் என்னைக் கும்பிட்டாள். அங்கேயே நின்றாள். பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னேன். காலையிலிருந்து காத்திருக்கிறாளே, கால் வலிக்கும் என்றுதான் சொன்னேன். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு அவளுக்காக அவ்வளவு யோசித்த ஆள் வேறு யாரும் இல்லை.